காட்டுக் காளானை வளர்க்க முடியுமா? வாசகர் கேள்விகள், வல்லுநர் பதில்கள்

மழை இறங்கியதும் காளான் பற்றிய கடிதங்கள் வந்து குவியும். இந்த முறை வந்தவற்றில் பெரும்பாலானவை, காட்டிலும் வரப்பிலும் தானாக முளைத்து நல்ல விலைக்குப் போகும் காளான்களைப் பற்றியவை. தனித்தனிக் கேள்விகளாக இருந்தாலும் எங்கள் பதில் ஒரே இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. அந்தக் காளான் எதைத் தின்று, யாரோடு சேர்ந்து வாழ்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். மட்கும் பொருளைத் தின்று தனியாக வாழும் காளானுக்கு வைக்கோலும் வித்தும் போதும். உயிருள்ள மரத்தோடோ கறையானோடோ கூட்டு வைத்திருக்கும் காளானை அந்தக் கூட்டாளி இல்லாமல் வளர்க்கப் பார்ப்பது பெரும்பாலும் பணத்தைக் கரைக்கும் வேலை.

கேள்வி: எங்கள் வரப்போரப் புற்றில் வருடம் தவறாமல் காளான் பூக்கிறது. அதை வைக்கோல் படுக்கையில் போட்டால் வளருமா? ‘புற்றுக்காளான் வித்து’ என்று இணையத்தில் விற்கிறார்களே, வாங்கலாமா?
– வாசகர், அறந்தாங்கி

வளராது. வாங்கவும் வேண்டாம்.

புற்றுக்காளானின் பூசணம் கறையானோடு மட்டும் வாழ்கிறது. தமிழ்நாட்டில் இது பெரும்பாலும் ஓடன்டோடெர்மஸ் என்ற கறையான் இனத்தின் கூட்டில் இருக்கும். வேலைக்காரக் கறையான்கள் காய்ந்த இலை, சுள்ளி, புல் எல்லாவற்றையும் தின்று, பாதி செரித்த நிலையில் கழிவாக வெளியேற்றி, அந்தக் கழிவைக் கொண்டு மண்ணுக்குள் ஒரு தோட்டம் கட்டுகின்றன. புற்றை வெட்டும்போது உள்ளே மூளை மடிப்புப் போல வரிவரியாக, பழுப்பு நிறத்தில், லேசாக உதிரும் கட்டி ஒன்று கிடைக்குமே, அதுதான். உற்றுப் பார்த்தால் அதன் மேல் கடுகை விடச் சிறிய வெள்ளை மணிகள் ஒட்டியிருக்கும். அவை புற்றுக்காளானின் பூசண முடிச்சுகள். கறையான் அவற்றைத் தின்கிறது. கறையானால் முழுதாகச் செரிக்க முடியாத மரச்சத்தை உடைத்துத் தரும் வேலையைப் பூசணம் செய்கிறது. அதற்கு ஈடாகக் கறையான் அந்தத் தோட்டத்தின் சூட்டையும் ஈரத்தையும் ஒரே அளவில் வைத்திருக்கிறது, வேற்றுப் பூசணம் நுழையாமலும் பார்த்துக்கொள்கிறது.

இந்தக் காவல் எவ்வளவு முக்கியம் என்பதை எளிதாகப் பார்க்கலாம். கறையான் இல்லாமல் அந்தக் கட்டியை மட்டும் எடுத்து ஈரமான பாத்திரத்தில் மூடி வையுங்கள். சில நாட்களில் சைலேரியா என்ற இன்னொரு பூசணம் அதை முழுதாகப் பிடித்து, கறுத்த குச்சிகளாக நீட்டிக்கொண்டு நிற்கும். அது அதுவரை கட்டிக்குள் அடங்கிக் கிடந்தது, கறையான் போனதும் தலைதூக்குகிறது. வைக்கோல் படுக்கையிலும் இதே கதைதான். ஆய்வுக்கூடத்தில் புற்றுக்காளானின் இழையைத் தனியாக வளர்க்க முடியும். ஆனால் மிக மெதுவாக வளரும், குடையாக விரியாது. வணிக அளவில் விளைவிக்கும் முறை இன்றுவரை இல்லை. அப்படியிருக்க, வித்து என்று பொட்டலத்தில் வருவதை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

உங்களால் செய்யக்கூடியது, இருக்கிற புற்றைக் காப்பதுதான். அதற்குப் பலன் உண்டு, ஏனென்றால் கூடு உயிரோடு இருக்கும்வரை அதே இடத்தில் மீண்டும் பூக்கும். புற்றைச் சுற்றி நான்கைந்து அடிக்கு உழவு வேண்டாம். குளோர்பைரிபாஸ் போன்ற கறையான் கொல்லி அந்தப் பக்கமே போகக் கூடாது. பக்கத்துப் பயிரில் கறையான் தொல்லை இருந்தால், காய்ந்த சருகையும் பனை மட்டையையும் புற்றருகே போட்டு வையுங்கள். கறையானுக்குத் தீனி அங்கேயே கிடைக்கும், காளானுக்கும் அதுதான் எரு.

பறிக்கும்போது பலர் ஒரு தவறு செய்கிறார்கள். இந்தக் காளானின் தண்டு மண்ணுக்குள் வேர் போல நீண்டு கூட்டின் கட்டி வரை போகும், சில நேரம் முழங்கை நீளம் இருக்கும். அதையும் விடக் கூடாதென்று கடப்பாரை போட்டுத் தோண்டினால் கட்டி உடைந்துவிடும். மண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே கத்தியால் அறுத்தால் போதும். மொட்டாகவும் பாதி விரிந்ததாகவும் உள்ளவற்றை எடுங்கள். நன்றாக விரிந்து ஓரம் கிழிந்தவற்றை அப்படியே விட்டுவிடுங்கள். அவற்றில் மறுநாளே புழு வைத்துவிடும், சமையலுக்கும் ஆகாது. ஆனால் அவை உதிர்க்கும் வித்துத்தூள்தான் அடுத்த கூடுகளுக்கு விதை. ஈசலாகப் பறந்து போய்ப் புதுக் குடும்பம் தொடங்கும் கறையான்கள் பெரும்பாலான இனங்களில் பூசணத்தைத் தாய்க் கூட்டிலிருந்து எடுத்துப் போவதில்லை. முதல் வேலைக்காரக் கறையான்கள் வெளியே வந்து, இப்படி உதிர்ந்து கிடக்கும் தூளை இலைதழையோடு சேர்த்து உள்ளே கொண்டுபோகின்றன. எல்லாவற்றையும் பறித்துவிட்டால் அந்தச் சங்கிலி அறுந்துபோகும்.

கேள்வி: ஐரோப்பிய ட்ரஃபிள் காளான் பூசணம் ஏற்றிய ஓக் கன்றுகளை இறக்குமதி செய்து தருவதாக ஒருவர் சொல்கிறார். எங்களுக்கு 2 ஏக்கர் இருக்கிறது. தேயிலைக்குப் பதில் இதைச் செய்யலாமா?
– வாசகர், கோத்தகிரி

தேயிலையைப் பிடுங்காதீர்கள். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம், ஏனென்றால் ட்ரஃபிள் சாகுபடி என்பது பொய்யல்ல. உங்கள் மலைக்குத்தான் அது பொருந்தாது.

ட்ரஃபிள் மண்ணுக்கடியில் உருளைக்கிழங்கு போல விளையும் பூசணக் காய். பிரான்சின் பெரிகோர் பகுதியின் பெயரால் அறியப்படும் கறுப்பு ட்ரஃபிளும், இத்தாலியின் ஆல்பா வட்டாரத்து வெள்ளை ட்ரஃபிளும் பெயர்பெற்றவை. இரண்டும் ஓக், ஹேசல் போன்ற மரங்களின் நுனிவேரை உறை போலச் சுற்றி வாழ்கின்றன. மரம் சர்க்கரை தரும், பூசணம் தண்ணீரும் தாதுவும் தேடித்தரும். நீங்கள் வயலில் உயிர் உரமாக இடும் வேம் (VAM) வேர்ப்பூசணத்தை உயிருள்ள வேர் இல்லாமல் பெருக்க முடியாது அல்லவா, அதே கட்டுப்பாடு இதற்கும் உண்டு. வகை மட்டும் வேறு.

1800-களின் தொடக்கத்தில் ஜோசப் தலோன் என்ற பிரெஞ்சு விவசாயி, ட்ரஃபிள் கிடைக்கும் ஓக் மரத்தடியிலிருந்து கொட்டைகளைப் பொறுக்கி நட்டார். சில ஆண்டுகளில் அந்தப் புதுமரங்களின் அடியிலும் ட்ரஃபிள் கிடைத்தது. கார்பந்த்ரா ஊரின் ஒகுஸ்த் ரூசோ 1847-ல் 7 ஹெக்டேரில் இதைப் பெரிதாகச் செய்து, 1855 பாரிஸ் கண்காட்சியில் விளைச்சலைக் காட்டினார். 1970-களில் பிரெஞ்சு வேளாண் ஆய்வு நிறுவனமான இன்ரா, நாற்றங்காலிலேயே கன்றின் வேரில் ட்ரஃபிள் பூசணத்தை ஏற்றும் முறையைக் கொண்டுவந்தது. அந்தக் கன்றுகளை வைத்து நியூசிலாந்தில் 1993-லும், ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாவில் 1999-லும் முதல் அறுவடை எடுத்தார்கள். இன்று மேற்கு ஆஸ்திரேலியாவின் மாஞ்சிமப் பெரிய உற்பத்தி மையம். எல்லாம் கறுப்பு ட்ரஃபிள். வெள்ளையை வளர்ப்பது இன்னும் கடினம். அதன் இயற்கை எல்லைக்கு வெளியே, பிரான்சில் ஒரு தோட்டத்தில் 2019-ல் மூன்று காய், 2020-ல் நான்கு காய் கிடைத்ததையே ஆய்வாளர்கள் 2021-ல் பெரிய செய்தியாக வெளியிட்டார்கள்.

இனி உங்கள் நிலத்துக்கு வருவோம். கறுப்பு ட்ரஃபிளுக்குச் சுண்ணாம்பு மண் வேண்டும், பி.எச். 7.5 முதல் 8.3 வரை. தேயிலை நன்றாக வரும் உங்கள் மண் 4.5, 5 என்ற அளவில் இருக்கும். சுண்ணாம்பு கொட்டி ஏற்றலாமே என்பீர்கள். மாஞ்சிமப்பின் மண்ணும் அமில மண்தான், அவர்கள் டன் கணக்கில் சுண்ணாம்பு இட்டுத்தான் சரிசெய்தார்கள். ஆகவே மண் மட்டும் தடை என்று சொல்ல மாட்டோம். தட்பவெப்பத்தை மாற்றத்தான் வழி இல்லை. ட்ரஃபிளுக்குப் பருவ வேறுபாடு தேவை. காய் உருவாக மிதமான சூடுள்ள கோடையும், முற்றி மணம் ஏற உறைபனியைத் தொடும் குளிர்காலமும் வேண்டும். நீலகிரியில் பகலுக்கும் இரவுக்கும் உள்ள வேறுபாடு பெரிது, கோடைக்கும் குளிர்காலத்துக்கும் உள்ள வேறுபாடு சிறிது. ஹேசல் மரமே நீண்ட குளிர் கிடைக்காவிட்டால் ஒழுங்காகத் துளிர்க்காது. போதாததற்கு, உங்களைச் சுற்றி யூகலிப்டஸும் பைனும் நிற்கின்றன. அவற்றின் வேரில் ஏற்கெனவே வாழும் பூசணங்கள் புதுக் கன்றின் வேருக்குத் தாவி ட்ரஃபிளை வெளியேற்றிவிடும்.

எல்லாம் பொருந்திய நாடுகளிலேயே இது நிச்சயமில்லாத பயிர். ஹெக்டேருக்குச் சுமார் 400 கன்று நட்டு, களையெடுத்து, கோடையில் நீர் கொடுத்து, கவாத்து செய்து வந்தால், மூன்று நான்கு ஆண்டில் மரத்தைச் சுற்றிப் புல் கருகி வட்டமாக மண் தெரியும். பூசணம் பரவியதற்கு அது நல்ல அறிகுறி, ஆனால் காய் பிடிக்கும் என்ற உறுதி அல்ல. முதல் காய் ஐந்து முதல் எட்டு ஆண்டில் வரலாம், வராமலும் போகலாம். ஒரு காரணம் இப்போது தெளிவாகியிருக்கிறது. இந்தப் பூசணத்துக்கு இரண்டு பால்வகை உண்டு. ஒரு மரத்தடியில் நாளடைவில் ஒரு வகை மட்டுமே நிலைத்துவிடுவதால் கூடலுக்குத் துணை இல்லாமல் போகிறது. அதற்காகத்தான் ஸ்பெயினில் மரத்தைச் சுற்றிச் சிறு குழிகள் தோண்டி, பழுத்த ட்ரஃபிளை அரைத்துக் கலந்த கலவையை இட்டு மூடுகிறார்கள்.

இதையெல்லாம் கேட்ட பிறகும் கன்று வாங்கத்தான் வேண்டும் என்றால், விற்பவரிடம் இரண்டு தாள் கேளுங்கள். ஒன்று, வேர்நுனிகளில் எத்தனை விழுக்காடு கறுப்பு ட்ரஃபிள் பூசணம் உள்ளது என்ற நுண்ணோக்கி அறிக்கையும் டி.என்.ஏ. அறிக்கையும். இன்னொன்று, இந்தியத் தாவரத் தனிமைப்படுத்தல் துறையின் இறக்குமதி அனுமதி. டி.என்.ஏ. கேட்பதற்குக் காரணம் உண்டு. ட்யூபர் இண்டிகம் என்ற ஆசிய ட்ரஃபிள் பார்வைக்குக் கறுப்பு ட்ரஃபிள் போலவே இருக்கும், மணமும் விலையும் மிகக் குறைவு. 1892-ல் முசௌரிப் பகுதியில் கிடைத்த மாதிரியை வைத்துப் பெயரிடப்பட்டது. அந்த இனம் இத்தாலியில் ஒரு தோட்டத்துக்குள்ளேயே கன்றோடு நுழைந்திருக்கிறது.

கேள்வி: கடையில் விற்கும் ட்ரஃபிள் எண்ணெயில் உண்மையில் ட்ரஃபிள் இருக்கிறதா?
– வாசகர், சென்னை

பெரும்பாலான புட்டிகளில் மணம் ட்ரஃபிளிலிருந்து வருவதில்லை. 2,4-டைதையாபென்டேன் என்ற கந்தகச் சேர்மத்தை ஆய்வுக்கூடத்தில் தயாரித்து எண்ணெயில் கலக்கிறார்கள். இது வெள்ளை ட்ரஃபிளில் இயற்கையாகவே உள்ள மணப்பொருள்தான். ஆனால் அசலில் அதோடு வேறு பல மணங்களும் சேர்ந்திருக்கும். லேபிளில் ‘ஃப்ளேவர்’, ‘அரோமா’ என்று போட்டிருந்தால் அது செயற்கை மணமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். புட்டிக்குள் மிதக்கும் கறுப்புத் துண்டு எதையும் நிரூபிக்காது.

கேள்வி: காஷ்மீரின் குச்சிக் காளானைச் செயற்கையாக வளர்த்துவிட்டார்கள் என்று படித்தோம். இங்கே குளிர் இருக்கிறது. எங்கள் ஊரில் செய்யலாமா?
– வாசகர், கொடைக்கானல்

படித்தது சரிதான். ஆங்கிலத்தில் மோரல் என்றும், வட இந்தியாவில் குச்சி என்றும் அழைக்கப்படும் இந்தக் காளான் காஷ்மீர், இமாச்சலம், உத்தரகண்ட் மலைகளில் பனி உருகிய பின் மார்ச் முதல் மே வரை முளைக்கும். தலை தேன்கூடு போலக் குழிகுழியாக இருக்கும், உள்ளே வெற்றாக இருக்கும். அமெரிக்காவின் ரான் ஓவர் 1982-ல் அறைக்குள் வளர்த்துக் காட்டினார். அந்த முறைக்குக் காப்புரிமை எடுத்தும் அது பரவலாகவில்லை. சீனாவின் சிச்சுவான் பகுதியில் திறந்த வயலில் வளர்க்கும் முறை 2012-ஐ ஒட்டி வணிக அளவில் பரவியது. டென்மார்க்கில் கிர்க் சகோதரர்கள் கட்டுப்பாட்டு அறையில் ஆண்டு முழுதும் விளைவித்ததை 2021-ல் வெளியிட்டார்கள். நம் நாட்டில் சோலனில் உள்ள காளான் ஆராய்ச்சி இயக்ககமும் அதே ஆண்டில் தன் வெற்றியை அறிவித்தது.

சீன முறையை விளக்குகிறோம், ஏனென்றால் அதில் ஒரு நுட்பம் மற்ற எல்லாவற்றையும் விடச் சுவையானது. நெல் அறுத்த வயலை உழுது, பாத்தி கட்டி, நிழல்வலைப் பந்தல் போடுகிறார்கள். மண் சூடு 20 டிகிரிக்குக் கீழே இறங்கியதும், நவம்பர் வாக்கில், வித்தைத் தூவி 3 முதல் 5 செ.மீ. மண்ணால் மூடுகிறார்கள். ஒரு வாரத்தில் பாத்தி மேல் திருநீறு தூவியது போல வெள்ளைப் பொடி படியும். பூசணம் மண்ணில் பரவிவிட்டது, ஆனால் பசியோடு இருக்கிறது என்று அர்த்தம். விதைத்த 7 முதல் 15 நாளுக்குள், கோதுமையும் உமியும் அடைத்து வேகவைத்த சிறு பைகளின் ஒரு பக்கத்தைக் கீறி, கீறல் மண்ணில் படும்படி பாத்தி மேல் கவிழ்த்து வைக்கிறார்கள். பூசணம் பைக்குள் ஏறி, சத்தை உறிஞ்சி, மண்ணுக்குள் தன் இழைகளில் சேர்த்துக்கொள்கிறது. சுமார் 40, 45 நாளில் பைகளை எடுத்துவிடுகிறார்கள். உணவு திடீரென்று நின்றுபோகிறது. அதோடு குளிரும் ஒரு நல்ல நீர்ப்பாய்ச்சலும் சேரும்போதுதான் மொட்டு வைக்கிறது. மண்ணிலேயே தாராளமாகச் சத்து போட்டுவிட்டால் இது நடக்காது. வேற்றுப் பூசணம் பெருகும், காளான் வராது.

மொட்டு வைக்கும்போது மண் 6 முதல் 10 டிகிரியில் இருக்க வேண்டும், காற்றில் ஈரம் 85 விழுக்காட்டுக்கு மேல் வேண்டும். மொட்டு குண்டூசித் தலை அளவில் இருக்கும்போது ஒரே நாள் வெயில் 20 டிகிரியைத் தாண்டினாலும் கூட்டமாகக் கருகிவிடும். கொடைக்கானலில் மார்கழி இரவு குளிரும், ஆனால் பகல் வெயிலில் மண் சூடேறிவிடும். வாரக்கணக்கில் 10 டிகிரிக்குக் கீழே மண் நிற்காது. ஆகவே திறந்த வெளியில் வேண்டாம். குளிரூட்டிய அறையில் செய்யலாம், அப்போது உங்கள் மலைக்குச் சமவெளியை விடக் கிடைக்கும் ஆதாயம் கொஞ்சம் குறைந்த மின்கட்டணம் மட்டுமே.

அறைக்குள் போனாலும் வித்துதான் முதல் சிக்கல். இந்தப் பூசணத்துக்கும் இரண்டு பால்வகை உண்டு, வித்தில் இரண்டும் இருந்தாக வேண்டும். ஆய்வுக்குழாயில் மாற்றி மாற்றி வளர்க்கும்போது ஒன்று தொலைந்துபோனாலும் இழை பார்க்க ஆரோக்கியமாகவே தெரியும், காளான் மட்டும் வராது. அதே மண்ணில் தொடர்ந்து இரண்டாம் ஆண்டு போட்டாலும் விளைச்சல் சரிகிறது. சிச்சுவானில் இடையில் நெல் வைத்துத் தண்ணீர் கட்டுவது இதற்காகத்தான். தொடங்க விரும்பினால் சோலன் இயக்ககத்தில் பயிற்சியும் வித்தும் பற்றி எழுதிக் கேளுங்கள். அதற்கு முன் கட்டடம் கட்டாதீர்கள்.

குச்சிக் காளானைப் பச்சையாக ஒருபோதும் தின்னக் கூடாது. 2023-ல் அமெரிக்காவின் மொன்டானாவில் பச்சையாகவும் அரைவேக்காடாகவும் பரிமாறிய மோரலைத் தின்று 51 பேர் நோயுற்று, 2 பேர் இறந்தார்கள். அவை காட்டில் பறித்தவை அல்ல, பண்ணையில் விளைந்தவை.

கேள்வி: மரத்தோடு கூட்டு வைத்திருக்கும் காளான்களில் எதை எல்லாம் இதுவரை வளர்த்திருக்கிறார்கள்? பட்டியல் தர முடியுமா?
– மாணவி, கோவை

ட்ரஃபிளை விட்டால் பட்டியல் சிறியது. சாண்டரெல் என்ற மஞ்சள் காளானை ஸ்வீடனின் எரிக் டானெல் 1997-ல் பசுமைக்குடிலில் பைன் நாற்றோடு சேர்த்து முளைக்க வைத்தார், வணிகமாகவில்லை. நியூசிலாந்தில் பைன் கன்றின் வேரில் ஏற்றி லாக்டேரியஸ் டெலிசியோசஸ் என்ற ஆரஞ்சு நிறக் காளானைத் தோட்டமாகவே எடுக்கிறார்கள். ஜப்பானின் மட்சுடாகே இன்னும் பிடிகொடுக்கவில்லை. 1941-ல் 12,000 டன் கிடைத்த நாட்டில் இப்போது அதில் மிகச் சிறு பகுதியே கிடைக்கிறது. பைன் காடுகள் நூற்புழு நோயில் அழிந்ததும், மக்கள் காட்டில் சருகு பொறுக்குவதை நிறுத்தியதால் தரை தழை மூடிப்போனதும் காரணங்கள்.

நீங்கள் படிக்கும் துறைக்கு மிகவும் பயன்படக்கூடியது ஹொன்ஷிமெஜி. அதுவும் ஜப்பானில் மரவேரோடு வாழும் காளான்தான். ஓட்டா என்ற ஆய்வாளர் 1994-ல் அதை மரமே இல்லாமல் வாற்கோதுமை ஊடகத்தில் வளர்த்தார், இப்போது கடைகளில் கிடைக்கிறது. மரவேர்க் காளான் எல்லாமே ஒரே அளவுக்கு மரத்தை நம்பியிருக்கவில்லை என்பதை இது காட்டுகிறது. மாவுச்சத்தைத் தானே உடைக்கும் திறன் அதற்கு ஓரளவு மிச்சம் இருந்தது. இந்தியக் காளான்களில் இந்தத் திறனைத் தேடிப் பார்ப்பது நல்ல ஆய்வுத் தலைப்பு. ஜார்க்கண்டின் சால் காடுகளில் முதல் மழைக்கு மண்ணைக் கீறி எடுக்கும் ருக்டாவிலிருந்து தொடங்கலாம். அது ட்ரஃபிள் அல்ல, அஸ்ட்ரேயஸ் என்ற வேறு இனம். உள்ளே வெள்ளையாக இருக்கும்வரை கறிக்காகும், கறுத்துவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான்.

கேள்வி: வெள்ளிக்காசு போட்டு வேகவைத்தால் விஷக்காளான் கறுத்துவிடும் என்கிறார்களே?
– வாசகர், தஞ்சாவூர்

பொய். வெள்ளி, மஞ்சள், பூண்டு, அரிசி எதுவும் காளான் விஷத்தைக் காட்டாது. பூச்சி தின்றிருந்தால் நல்லது என்பதும் பொய். அமானிடா வகையின் கொடிய நஞ்சு வேகவைத்தாலும் அழியாது. சாப்பிட்டுப் பெரும்பாலும் 6 மணி நேரம் கழித்தே வாந்தியும் பேதியும் தொடங்கும். பிறகு ஒரு நாள் நன்றாகிவிட்டது போலத் தோன்றும், அந்த நேரத்தில்தான் கல்லீரல் சிதைந்துகொண்டிருக்கும். சாப்பிட்டுப் பல மணி நேரம் கழித்து வாந்தி வந்தால் தாமதிக்காமல் 108-ஐ அழைத்து, மிச்சக் காளானையும் பையில் போட்டு மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

தமிழ்நாட்டில் மழைக்குப் பின் புல்வெளியிலும் மாட்டுத் தொழுவத்தருகிலும் பெரிய வெள்ளைக் குடையாக முளைக்கும் குளோரோஃபில்லம் மொலிப்டைட்டிஸ் என்ற காளானைப் புற்றுக்காளான் என்று பறிப்பவர்கள் உண்டு. கடுமையான வாந்தி பேதி தரும். பிரித்தறிய ஒரு வழி: குடையை மட்டும் வெட்டி, அடிப்பக்கத்து மடிப்புகள் கீழே இருக்கும்படி வெள்ளைத் தாளில் வைத்து, கிண்ணத்தால் மூடி ஓர் இரவு விடுங்கள். காலையில் தாளில் பச்சை நிறத் தூள் படிந்திருந்தால் அது இந்த நஞ்சுக் காளான். புற்றுக்காளானின் தூள் வெளிறிய இளஞ்சிவப்பாக விழும், தண்டு மண்ணுக்குள் வேர் போல நீளும். ஆனால் பச்சை இல்லை என்பதாலேயே தின்னலாம் என்று முடிவு செய்துவிடாதீர்கள். வெள்ளைத் தூள் உதிர்க்கும் அமானிடாதான் ஆளைக் கொல்வது. பெயர் உறுதியாகத் தெரியாத எந்தக் காளானும் அடுப்பில் ஏறக் கூடாது.

கேள்வி: அப்படியானால் காட்டிலிருந்து எடுத்து நாமே பழக்கக்கூடிய காளான் எதுவுமே இல்லையா? எப்படித் தொடங்குவது?
– வாசகர், திண்டுக்கல்

இருக்கிறது. நீங்கள் சந்தையில் வாங்கும் பால் காளானே அப்படி வந்ததுதான். மேற்கு வங்கத்தில் தானாக முளைத்துக் கிடந்த காளானை 1974-ல் புர்காயஸ்தாவும் சந்திராவும் ஆராய்ந்து கலோசைபி இண்டிகா என்று பெயரிட்டார்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-ல் அதன் ஏபிகே-2 ரகத்தை வெளியிட்டது, பெயரில் உள்ளது அருப்புக்கோட்டை. 35 டிகிரி வெயிலைத் தாங்குவதால் தென்மாவட்டங்களுக்கு அது பெரிய வரம்.

மட்கும் மரத்திலோ வைக்கோலிலோ சாண எருவிலோ முளைக்கும், பல்கலைக்கழகமோ தாவரவியல் துறையோ உண்ணத்தக்கது என்று உறுதிசெய்த காளானை மட்டும் எடுங்கள். மழை விட்டு ஒரு நாள் கழித்துப் பறியுங்கள். நீர் ஊறிய காளானுக்குள் பாக்டீரியா ஏறியிருக்கும். பாதி விரிந்த இளங்காளானே நல்லது. பறித்ததில் ஒன்றைக் காயவைத்து, அதன் தூள் பதிந்த தாளோடு பத்திரப்படுத்துங்கள், பின்னால் இனம் காண அதுதான் சான்று.

இழையை வளர்க்கும் ஊடகத்துக்கு 200 கிராம் உருளைக்கிழங்கைத் தோல் சீவி வேகவைத்து வடித்த நீரில் 20 கிராம் டெக்ஸ்ட்ரோஸும் 20 கிராம் அகரும் கலந்து 1 லிட்டராக்கி, ஆய்வுக்குழாய்களில் ஊற்றிப் பஞ்சடைத்து, 15 பவுண்டு அழுத்தத்தில் 20 நிமிடம் வேகவையுங்கள். சூடு ஆறும் முன் சாய்த்து வைத்தால் சரிவாக உறையும். காளானைக் கத்தியால் நறுக்காமல் கையால் இரண்டாகக் கிழியுங்கள். அப்போது உள்சதையில் எதுவும் பட்டிருக்காது. குடையும் தண்டும் சேரும் இடத்திலிருந்து, தீயில் காட்டி ஆறவிட்ட ஊசிக்கத்தியால், அரிசி அளவு துண்டை எடுத்து விளக்குச் சுடரருகே குழாய்க்குள் வையுங்கள். 25 முதல் 28 டிகிரியில் ஒரு வாரம் பத்து நாளில் வெள்ளை இழை படரும். பச்சை கண்டால் அந்தக் குழாயைத் திறக்காமலே வேகவைத்துக் கொட்டுங்கள். பளபளவென்று வழுவழுப்பாக இருந்தால் அது பாக்டீரியா. சுத்தமாக ஓடும் இழையின் ஓரத்திலிருந்து புதுக் குழாய்க்கு மாற்றுங்கள், நடுவிலிருந்து எடுக்காதீர்கள்.

குழாயில் வளர்ந்த இழையைப் பெருக்கும் தாய் வித்துக்குச் சோளத்தை அரைவேக்காடாக வேகவைத்து, நிழலில் ஈரம் உலர்த்தி, கிலோவுக்கு 20 கிராம் சுண்ணாம்புத்தூள் (கால்சியம் கார்பனேட்) கலந்து, பைகளில் முக்கால் பங்கு நிரப்பி 20 பவுண்டு அழுத்தத்தில் 2 மணி நேரம் வேகவைக்க வேண்டும். சோளம் வெடித்துப் பிசுபிசுத்தால் அங்கேயே கெட்டது. கையில் ஒட்டாமல் உருண்டு ஓட வேண்டும். இழை சேர்த்து 15 நாளுக்கு மேல் விட்டால் மணி எல்லாம் வெள்ளை பூத்துவிடும்.

புதுக் காளானில் இறங்கும் முன், ஒரு பருவமாவது பால் காளான் படுக்கை போட்டுக் கை பழகுங்கள். 5 செ.மீ. நீளத்துக்கு நறுக்கிய வைக்கோலை 4 மணி நேரம் ஊறவைத்து, 1 மணி நேரம் வேகவைத்து, பிழிந்தால் சொட்டாத பதத்துக்கு உலர்த்துங்கள். 60-க்கு 30 செ.மீ. பையில் வைக்கோலும் வித்தும் மாறி மாறி அடுக்கி, இருட்டறையில் 15 முதல் 20 நாள் விட்டால் பை முழுதும் வெளுக்கும். பிறகு பையை நடுவில் இரண்டாக வெட்டி, மேலே 1 முதல் 2 செ.மீ. உயரத்துக்கு மேற்பூச்சு மண் போட வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். மண்ணில் சுண்ணாம்புத்தூள் சேர்த்து பி.எச்.-ஐ 8 வரை ஏற்றி, ஆவியில் 1 மணி நேரம் வேகவைத்து ஆற்றிய பிறகே போட வேண்டும். வேகாத மண்ணில் பச்சைப் பூசணம் வரும், கெட்டியாகப் போட்டால் மொட்டு மேலே வராது, தண்ணீர் கொட்டினால் மொட்டு அழுகும். கைத்தெளிப்பானால் மண் மட்டும் நனையும்படி நாளுக்கு இரண்டு முறை தெளியுங்கள். 30 முதல் 35 டிகிரி சூடும் 80 விழுக்காட்டுக்கு மேல் ஈரமும் நல்ல வெளிச்சமும் இருந்தால் பத்து நாளில் மொட்டு, அதிலிருந்து ஒரு வாரத்தில் அறுவடை. படுக்கையில் மெலிந்த சாம்பல் நிறக் குடைகள் முளைத்துச் சில மணி நேரத்தில் மையாகக் கரைந்தால், வைக்கோல் அளவுக்கு மீறி நனைந்திருக்கிறது அல்லது சரியாக வேகவில்லை. அவற்றைக் கரையும் முன்பே பிடுங்கி எடுத்துவிட்டு, அடுத்த தொகுதிக்கு வைக்கோலை இன்னும் ஒரு மணி நேரம் கூடுதலாக உலர்த்துங்கள்.